மஞ்சள் வேலிக்குக் கவாத்து

மே 31, சனி

இந்த டைரியைக் கொடுத்தது எஸ்டேட் ஆபீஸ். முப்பத்தொன்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்ததற்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், இந்த டைரி. கூடவே வழவழப்பாக ஒரு தாள். ஓய்வுக்காலத்தை இன்பமாகக் கழிக்கப் பத்து வழிகளாம். தோட்டம் போடுங்கள், படம் வரையுங்கள், பாட்டு கற்றுக்கொள்ளுங்கள், தினமும் டைரி எழுதுங்கள். வெல்ஃபேர் ஆபீசர் அதை மைக்கில் வாசித்தார். வாசித்து முடித்த கையோடு, "லயத்து வீட்டுச் சாவிய மாசக் கடைசிக்குள்ள ஒப்படைச்சிரணும்" என்றார். அது தாளில் இல்லை.

நான் சண்முகக்கனி. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள். எழுத்து கோணலாகத்தான் வரும். ஞாபகம் கோணாது.

இன்று சாவியைக் கொடுத்துவிட்டேன். லயம் என்றால் ஒரே கூரைக்கடியில் பத்து வீடு, வாசலில் பத்து வீட்டுக்கும் ஒரே குழாய். சாமானை வேனில் ஏற்றும்போது தவமணி அந்தக் குழாயடியில் நின்றாள். நான் பார்க்கவில்லை. கறுப்புக் குடை, ஒரு கம்பி ஒடிந்து தொங்கியது. கையில் ஒரு பொட்டலம். தேயிலைத் தூளாகத்தான் இருக்கும். வேன் வளைவு திரும்புகிறவரை நின்றாள். நான் பார்க்கவில்லை.

அவளோடு பேசி முப்பத்தொரு வருஷம். இத்தனை வருஷமும் நான் குடத்தோடு குழாய்க்கு வந்தால் அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். பாதிதான் நிறைந்திருந்தாலும் எடுத்துவிடுவாள். நான் பிடித்துக்கொண்டு போவேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். நிற்கட்டும். நிற்க வேண்டியவள்தான்.

ஜூன் 4, புதன்

கோயம்புத்தூர். மருமகன் நாகேந்திரன் இந்த அடுக்குமாடியில் வாட்ச்மேன். மோட்டார் ரூமை ஒட்டி ஒரே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மருமகன், மகள் செல்வராணி, பேத்தி, இப்போது நான். கால் நீட்டினால் கேஸ் சிலிண்டரில் இடிக்கிறது.

செல்வராணி மேலே நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். "நீ ஒண்ணும் செய்யாதம்மா. உழைச்சது போதும், உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். எழுந்தால் யாராவது ஒருத்தர் நகர வேண்டியிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

சும்மா இருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

சும்மா இருந்தேன். அரிசி டப்பாவைத் திறந்தபோது மருமகன் ஒரு நிமிஷம் உள்ளே பார்த்துவிட்டு மூடினார். நல்ல மனுஷன்தான். ஆனால் பார்த்தார்.

ஜூன் 9, திங்கள்

இன்று ஒரு கூத்து. காலை ஆறு மணிக்கு வெளியே நடந்தேன். கேட்டிலிருந்து மோட்டார் ரூம் வரைக்கும் மஞ்சள் இலைச் செடியில் வேலி வைத்திருக்கிறார்கள், இடுப்பு உயரம். தேயிலையும் இடுப்பு உயரம்தான். என் பாட்டுக்கு நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் மடி கனக்கிறது. அவிழ்த்தேன். ஒரு மடி கொழுந்து. இரண்டு இலை, ஒரு மொட்டு, அச்சாகக் கிள்ளியிருக்கிறேன். எப்போது கிள்ளினேன் என்று எனக்கே தெரியாது.

செல்வராணி சிரித்துச் சிரித்து இருமினாள். "எந்தக் கங்காணிம்மா எடை போடப் போறான்?"

நானும் சிரித்தேன். வந்ததிலிருந்து முதல் தடவை.

ஜூன் 11, புதன்

இங்கே தோட்ட வேலைக்கு மாராத்தாள் என்று ஒருத்தி வருகிறாள். திங்கள், புதன், வெள்ளி. ஐம்பது வயசிருக்கும். வேலியைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, வேலியக் கிள்ளினது நீங்கதானாக்கும்? நான் ஆடு பூந்துருச்சுன்னு நெனச்சனுங்க."

"தேயிலக் கை புள்ள. தானா போயிருது."

"இந்த எலையில டீ போட்டு நம்ம செக்ரட்டரிக்குக் குடுத்துப் போடாதீங்க. ஒரு வாய் குடிச்சா மனுசன் மேல போயிருவாரு."

வெற்றிலை கொடுத்தாள். போட்டுக்கொண்டோம். வீட்டுக்காரர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவராம், முதுகு போய் மூணு வருஷமாகப் படுக்கை. இவள் தோட்ட வேலையில்தான் வீட்டு வாடகை. நல்ல பொம்பளை. கொஞ்சம் வாய் அதிகம்.

ஜூன் 22, ஞாயிறு

தினமும் போகிறேன். சும்மா கிள்ளினால் அலங்கோலமாகத் தெரிகிறது என்று ஒரு குச்சியை வைத்து மட்டம் பார்த்துக் கிள்ளுகிறேன். எஸ்டேட்டில் அதற்கு மட்டக்கம்பு என்று பெயர். வேலி இப்போது மேஜை மாதிரி இருக்கிறது, மேலே டம்ளர் வைக்கலாம்.

செக்ரட்டரி பத்மநாபன் சார் நின்று பார்த்தார். பாங்கில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். படம் வரைகிறார், கீபோர்டு வாசிக்கிறார், குட்டிக் குட்டித் தொட்டியில் ஆலமரம் வளர்க்கிறார்.

"பிரமாதம் பாட்டிம்மா! கத்தரிகூட இல்லாம கையாலேயா? ரிடையர் ஆனா இப்படித்தான் ஒரு ஹாபி வேணும். இல்லேன்னா மனுஷன் துருப்பிடிச்சுப் போயிடுவான்."

போட்டோ எடுத்தார். சாயங்காலம் பேத்தி போனில் காட்டினாள். நாற்பது பேர் கைதட்டுகிற படம் போட்டிருந்தார்கள். எண்ணினேன், நாற்பத்து மூணு.

ஜூலை 6, ஞாயிறு

மூத்தோர் வட்டம் என்று மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். எல்லாரும் ரிடையர் ஆனவர்கள். ஒரு அம்மா வயலின் வாசித்தார். ஒருத்தர் தபால்தலை காட்டினார். கடைசியில் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். "வேலையைப் பொழுதுபோக்கா மாத்திக்கிட்டவங்க" என்று சார் பேசினார். சர்பத் கொடுத்தார்கள், கண்ணாடி டம்ளரில்.

அறைக்கு வந்தபோது மருமகன் எழுந்து எனக்கு நாற்காலியைப் போட்டார். அந்த நாற்காலியில் இதுவரை அவர்தான் உட்காருவார்.

ஜூலை 13, ஞாயிறு

தொட்டிகளுக்கும் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். புல்தரையில் களை எடுத்தேன். மாராத்தாள், "என்னுங்க்கா, நாளைக்கு எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வெக்க மாட்டீங்களாட்ட இருக்குது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஜூலை 20, ஞாயிறு

செக்ரட்டரி சார் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "இனிமே தனியா ஆள் எதுக்கு? பாட்டியே ஆசையா பாத்துக்கறாங்க." நான் பக்கத்தில் தொட்டிக்கு மண் கிளறிக்கொண்டிருந்தேன்.

இன்று செம்பருத்தி ஏழு பூத்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாராத்தாள் வரவில்லை. உடம்புக்கு என்னவோ.

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்தாள். வேலைக்கு அல்ல. மோட்டார் ரூமில் வைத்திருந்த களைக்கொத்தையும் பழைய செருப்பையும் எடுத்துப் போக வந்தாள். நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினனுங்க?"

"நான் யாரையும் வர வேண்டாம்னு சொல்லலியே புள்ள."

"நீங்க சொல்லோணுமாக்கும்? ஓசியில செய்யறதுக்கு ஆள் இருக்கறப்ப என்னைய எதுக்குங்க வெச்சிருப்பாங்க? எனக்குப் புரியல, அதனால கேக்கறேன். உங்களுக்குக் காசு குடுத்தாங்களா? சோறு போட்டாங்களா? எதுக்குச் செஞ்சீங்க?"

என் வாயிலிருந்து வந்தது இது: "கை சும்மா இருக்கல புள்ள."

சொன்னதும் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

மாராத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கை சும்மா இருக்கலீன்னா உங்க ஊட்டுச் சட்டியத் தேச்சுக்கோங்க. எம் பொழப்பு எதுக்குங்க?" என்றாள். காலடியில் துப்பினாள். போய்விட்டாள்.

நான் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இரண்டு தடவை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று நான் சொன்ன வார்த்தை என்னுடையது இல்லை. அது தவமணியுடையது.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் போனஸ் கேட்டு எஸ்டேட்டில் ஸ்டிரைக். பதினோரு நாள் ஒருத்தியும் தேயிலைக் காட்டில் இறங்கவில்லை. எங்கள் லயத்துக்கு என் வீட்டுக்காரர் சங்கரபாண்டிதான் முன்னால் நின்றார். பன்னிரண்டாம் நாள் காலையில் தவமணி கூடையை மாட்டிக்கொண்டு தனியாக இறங்கினாள். மேனேஜர் ஆபீஸ் வாசலில் வைத்து அவளுக்குச் சால்வை போர்த்தினார், போட்டோ எடுத்தார்கள். மறுநாள் எட்டுப் பேர் இறங்கினார்கள். அதற்கடுத்த நாள் எல்லாரும். ஸ்டிரைக் முடிந்தது. என் வீட்டுக்காரர் பெயரை மட்டும் வேலைப் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். அவர் சமவெளிக்கு இறங்கிச் செங்கல் சூளைக்குப் போனார். நாலு வருஷம் கழித்துப் பொணமாகத்தான் மலை ஏறினார்.

அவள் இறங்கிய அன்று குழாயடியில் தவமணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டி இறங்கினே?"

"கை சும்மா இருக்கலக்கா."

அவள் காலடியில் துப்பினேன்.

அவளுக்கு அப்போது ஆறு மாதக் கைப்பிள்ளை. சாப்பாடில்லாமல் பால் வற்றிவிட்டது என்று லயத்தில் பேச்சு. அவள் என்னிடம் அதைச் சொல்லவில்லையே. சொல்லாததை நான் எப்படி எடுத்துக்கொள்வது? எனக்கும்தான் செல்வராணிக்கு மூணு வயசு. வரக்காப்பியைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தாள். நான் இறங்கினேனா?

கைக்காக யாரும் இறங்குவதில்லை. அது பொய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். நான் இங்கே எதற்காக இறங்கினேன் என்று எழுத வேண்டியதில்லை. சால்வை இரண்டும் பெட்டியில் மடித்து இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூணு நாளாக வேலிப் பக்கம் போகவில்லை. சார் வந்தார்.

"என்ன பாட்டிம்மா, செடியெல்லாம் உங்களைத் தேடுது?"

"இடுப்பு வலி சாமி. மாராத்தாளையே கூப்பிட்டுக்கோங்க."

"அட, எதுக்கு வீண் செலவு? மெதுவா செய்யுங்க. உங்க சந்தோஷத்தை நாங்க கெடுக்க மாட்டோம்."

"எனக்கு இதுல சந்தோஷம் இல்ல சாமி. அவளைக் கூப்பிடுங்க."

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. என்னை விட்டுவிட்டு மருமகன் பக்கம் திரும்பினார். "நாகேந்திரன், அந்த ரூம் மூணு பேருக்குன்னு குடுத்தது. பாட்டி வந்தப்போ கமிட்டில ரெண்டு பேர் ஆட்சேபணை சொன்னாங்க. அவங்க நமக்கு உதவியா இருக்காங்கன்னு நான்தான் பேசி வெச்சிருக்கேன். பாத்துக்கோ."

அவர் போன பிறகு மருமகன் குளிக்காமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். செல்வராணி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "கொஞ்ச நேரம்தானேம்மா. முன்னெல்லாம் ஆசையாத்தானே போனே?"

ஆசையாகத்தான் போனேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன். கிள்ளினேன். விரல் நகமெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது. சார் மாடியிலிருந்து கை காட்டினார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாராத்தாளைக் காய்கறிக் கடை வாசலில் பார்த்தேன். அழுகிய தக்காளியைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்களே, அந்தக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை சுதந்திர தினம். கொடியேற்றி, என் வேலிக்கு முன்னால் நின்று எல்லாரும் போட்டோ எடுக்கப்போகிறார்களாம். "பாட்டி, அன்னிக்கு வேலி பளிச்சுன்னு இருக்கணும்" என்றார் சார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தேயிலைச் செடிக்குக் கவாத்து என்று ஒன்று உண்டு. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். ஓர் இலை மிஞ்சாது. காட்டைப் பார்த்தால் நெருப்புப் பிடித்த மாதிரி வெறும் குச்சி நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் செத்துப்போச்சு என்பார்கள். சாகாது. வேரில் உயிர் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் பார்க்கச் சகிக்காது.

கவாத்து ஆம்பிளைகள் வேலை. என் வீட்டுக்காரர் எஸ்டேட்டிலேயே நல்ல கவாத்துக்காரர். அவர் கத்தி என் பெட்டியில் இருந்தது. நேற்று மோட்டார் ரூம் படியில் தீட்டி வைத்தேன். செல்வராணி, "எதுக்கும்மா?" என்றாள். "தேங்காய்க்கு" என்றேன்.

இன்று விடிந்தும் விடியாமல் ஆரம்பித்தேன். தண்ணீர் தேங்காமல் சாய்த்து வெட்ட வேண்டும், பட்டை கிழியக் கூடாது. அவர் வெட்டுவதைப் பார்த்ததோடு சரி. கத்தி பிடித்தது இன்றைக்குத்தான். எட்டரைக்குள் கேட்டிலிருந்து மோட்டார் ரூம் வரைக்கும் முடித்துவிட்டேன். ஒரு செடியை விடவில்லை.

வயலின் அம்மாதான் முதலில் பார்த்தார். "ஐயையோ!" என்று கத்தியதில் நாலு பால்கனியில் ஆள் வந்துவிட்டது. சார் அரை டவுசரோடு ஓடி வந்தார்.

"பாட்டி! நிறுத்துங்க! என்ன பண்றீங்க?"

"எங்க ஊர்ல இப்படித்தான் சாமி வெட்டுவோம்."

"இது டீ எஸ்டேட்டா? நாளைக்குக் கொடியேத்தணும்! ஆறு வருஷம் வளர்த்த வேலி! அறிவு வேண்டாம்?"

"ஹாபின்னீங்களே சாமி."

சார் கத்தியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். கத்தி போனதுதான் கஷ்டமாக இருக்கிறது. அது என் வீட்டுக்காரர் கை பிடித்த கத்தி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். போட்டோவை லிஃப்ட் பக்கம் நின்று எடுத்தார்கள்.

கமிட்டி கூடி முடிவு செய்தார்கள். மருமகன் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னை இனிச் செடிப் பக்கம் விடக் கூடாது. மாராத்தாளைக் கூப்பிட்டு, எப்படியாவது உயிர் வர வைக்கச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் அவளே வர வேண்டும்.

ஆறு நாள். முன்பு மூணு நாள்தான்.

ஆகஸ்ட் 16, சனி

சார் வீட்டம்மா செல்வராணியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாலு வீட்டில் ஒரு வீடு போயிற்று. அதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வெட்டியிருப்பேனா என்று செல்வராணி கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

மருமகன் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "இதுல உங்களுக்கு என்ன லாபம் அத்தை?" அதற்குப் பிறகு பேச்சில்லை. நாற்காலியில் அவர்தான் உட்காருகிறார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாராத்தாள் வந்துவிட்டாள். வேலியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். மருமகனிடம் சத்தமாகச் சொன்னாள், எனக்குக் கேட்கட்டும் என்றே. "கெழவிக்கு எம் மேல இத்தனை வயித்தெரிச்சலாங்க? எனக்கு ஆவாதுன்னு செடிய மொட்டையடிச்சுப் போட்டுதே!"

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். போய் நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. என்னை நல்லவள் என்பாள், வெற்றிலை கொடுப்பாள். சொன்னால் நாளைக்கு அது வாய் மாறி மாடிக்குப் போகும், மருமகனுக்கு இந்த அறையும் போகும். அதனால் சொல்லவில்லை.

அதனால் மட்டும்தானா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

சார் எனக்கு ஒரு புத்தகமும் கலர் பென்சிலும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் கலர் அடிக்கிற புத்தகம். யானை, மயில், பலூன். "பாட்டிக்குப் பொழுது போகணும்ல, கோபமெல்லாம் இல்லேன்னு சொல்லு" என்றாராம்.

யானைக்குப் பச்சை அடித்தேன். மயிலுக்கும் பச்சை. பலூனுக்கும் பச்சை.

செப்டம்பர் 8, திங்கள்

துளிர்த்துவிட்டது. தேயிலை இவ்வளவு சீக்கிரம் வராது. குச்சிக்குக் குச்சி நாலஞ்சு முளை, மஞ்சளாக, எறும்புத் தலை அளவு. மழைக்கும் மாராத்தாள் போட்ட சாணிக்கும் கிளம்பிவிட்டது. மாடியில் எல்லாரும் அவளைப் பாராட்டுகிறார்கள். "செத்ததைப் பொழைக்க வெச்சுட்டியே மாராத்தா" என்று சார் அவளை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். சால்வை போர்த்தவில்லை. அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே.

வெட்டு எல்லாம் சாய்வாகத்தான் விழுந்திருக்கிறது. பட்டை ஒன்றுகூடக் கிழியவில்லை. அதை யார் பார்த்தார்கள்?

செப்டம்பர் 10, புதன்

செல்வராணி கேட்டாள். "தவமணி சித்தி போன் பண்ணுச்சு. அம்மா நல்லா இருக்காளான்னு. உங்கிட்ட குடுக்கவான்னு கேட்டேன், வேண்டாம், அவ பேச மாட்டா, நல்லா இருந்தாச் சரின்னு வெச்சிருச்சு."

"அவ எதுக்கு உனக்குப் போன் பண்றா?"

"எப்பவும் பண்ணும்மா. வருஷக்கணக்கா."

எனக்குத் தெரியாது. என் மகள் எனக்குத் தெரியாமல் பேசியிருக்கிறாள். இதையும் நான் மறக்கப்போவதில்லை.

தவமணியை மன்னிக்கவில்லை. செங்கல் சூளை செங்கல் சூளைதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் குழாயடியில் என் வாளி பாதி நிறைந்திருந்தது. மாராத்தாள் பூவாளியோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் பத்தடி தள்ளி நின்று, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன். ஒதுங்கி நின்றேன்.

அவள் வந்தாள். பூவாளி நிறைகிறவரை குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் மிச்ச வாளியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பூவாளிக்கு ஆறு தடவையாவது தண்ணீர் பிடிக்க வேண்டும், அந்த வேலி முழுக்க நனைய. நாளைக்குச் சனி, அவள் வருகிற நாள்தான். நாளைக்கும் ஆறு மணிக்குத்தான் நான் தண்ணீர் பிடிக்கப் போவேன்.